காஸ் போன பஞ்ச் யாருக்கு வேண்டும்? இலையுதிர் கால ஆப்பிள் காக்டெய்லில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் செப்டம்பர் பிறந்துவிட்டால் ஆப்பிள் தோட்டங்கள் களைகட்டத் தொடங்கிவிடும். அதிலிருந்து ஆண்டுக் கடைசி வரை விருந்துகளுக்குக் குறைவே இல்லை. அக்டோபர் இரண்டாம் திங்கள்கிழமை கனடாவின் தேங்க்ஸ்கிவிங் (அறுவடை நன்றித் திருநாள்), நவம்பர் நான்காம் வியாழக்கிழமை அமெரிக்காவின் தேங்க்ஸ்கிவிங், நடுவில் நம் தீபாவளி, அப்புறம் கிறிஸ்துமஸ், புத்தாண்டு. இந்த விருந்துகளில் பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் ஆப்பிள் சைடரும் (அங்கே இது வடிகட்டாத ஆப்பிள் சாறு, மது இல்லாதது) கிரான்பெர்ரி என்ற புளிப்பான சிவப்புப் பழமும் பட்டை வாசனையுமாக ஒரு பஞ்ச், அதாவது கலவைப் பானம், இருக்கும். அதன் மேல் புரோசெக்கோவோ (குமிழி விடும் இத்தாலிய ஸ்பார்க்லிங் ஒயின்) ஜிஞ்சர் ஏலோ (மது இல்லாத இஞ்சி சோடா) ஊற்றுவார்கள்.

செய்வது சுலபம்தான். ஆனாலும் முதலில் வந்தவருக்குப் பிரமாதமாக இருந்த பஞ்ச், அரை மணி நேரம் கழித்து வருகிறவருக்கு வெறும் இனிப்புத் தண்ணீராகக் கிடைக்கிறது. பழம், வாசனை, அலங்காரம் என எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்பவர்கள்கூட காஸைக் காப்பாற்றுவது பற்றி யோசிப்பதில்லை. இந்தப் பானத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது.

அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்துப் பேருக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் வரும்படி: ஆப்பிள் சைடர் 1 லிட்டர், இனிப்புச் சேர்க்காத கிரான்பெர்ரி ஜூஸ் 200 மில்லி, எலுமிச்சைச் சாறு 50 மில்லி, மசாலா சிரப் 120 மில்லி, கடைசியாக 750 மில்லி புரோசெக்கோ ஒரு பாட்டில். மது வேண்டாதவர்கள் அதே அளவு ஜிஞ்சர் ஏல் அல்லது சோடா சேர்க்கலாம். ஜிஞ்சர் ஏலில் ஏற்கெனவே சர்க்கரை இருப்பதால் சிரப்பைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

சில்லென்று இல்லாத சைடர்

புரோசெக்கோ மட்டும் ஃபிரிட்ஜில் இருக்கும், சைடர் கேன் சமையலறை மேடையில் இருக்கும். இதுதான் முதல் தவறு, பெரிய தவறும் இதுதான். சாதாரண காற்றழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் 0 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 1.7 லிட்டர் கரியமில வாயுவைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் அது சுமார் 0.9 லிட்டராகிவிடும், கிட்டத்தட்டப் பாதி. சூடு ஏற ஏற வாயுவைப் பிடித்து வைக்கும் திறன் குறைகிறது. அறைச் சூட்டில் இருக்கும் சைடரில் புரோசெக்கோவை ஊற்றினால் புஸ்ஸென்று நுரை பொங்குமே, பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் வாயில் சுருக்கென்று தெரிய வேண்டிய காஸ் அந்த நுரையோடு வெளியே போய்விட்டது.

எனவே சைடர், ஜூஸ், சிரப் எல்லாவற்றையும் முந்தைய நாள் இரவே கலந்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். முடிந்தால் கிண்ணத்தையும் வையுங்கள். கனமான கண்ணாடிக் கிண்ணம் தன் சூட்டைப் பானத்துக்குக் கொடுத்துவிடும்.

நேரம் இல்லையென்றால் பாட்டிலைக் குளிர வைக்க ஐஸும் தண்ணீரும் கலந்த வாளி போதும். ஒரு கைப்பிடி உப்பும் போட்டால் அரை மணி நேரத்துக்குள் சில்லிட்டுவிடும். வெறும் ஐஸ்கட்டி மட்டும் போட்டால் கட்டிகளுக்கு நடுவே காற்று நிற்பதால் குளிர் சரியாக ஏறாது, தண்ணீர் அவசியம். ஃப்ரீசரில் வைத்துவிட்டு மறப்பது ஆபத்து, உறைந்து விரிந்தால் பாட்டில் வெடிக்கும்.

ஐஸ் போட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை

ஆகாது. சூடான பானத்தில் விழுந்த ஐஸ் வேகமாகக் கரைந்து சுவையை நீர்த்துப்போக வைக்கும். அதோடு, சொரசொரப்பான எந்தப் பரப்பிலும் குமிழிகள் உருவாகிப் பிரியும். ஐஸ்கட்டியின் மேற்பரப்பும் அப்படித்தான். சின்னச் சின்னக் கட்டிகளாக நிறையப் போட்டால் காஸ் சீக்கிரம் போய்விடும்.

ஒரே பெரிய கட்டியாக உறைய வைப்பது நல்லது. நடுவில் ஓட்டை உள்ள கேக் அச்சில் சைடரையே ஊற்றி, சில கிரான்பெர்ரியும் ஆரஞ்சு வில்லைகளும் போட்டு உறைய வைத்தால் மெதுவாகக் கரையும், கரைந்தாலும் சுவை குறையாது. டம்ளருக்கு உறைந்த திராட்சை போதும்.

வரிசை மாறினால் வேலை கெட்டது

குமிழி உள்ளது எதுவோ அது கடைசியில்தான் வர வேண்டும். இதைத் தெரிந்தவர்களும் ஒரு இடத்தில் சறுக்குவார்கள்: எல்லாம் கலந்த பிறகு சுவை பார்த்து, இனிப்புப் போதவில்லை என்று சர்க்கரையைத் தூவுவார்கள். சர்க்கரைத் துகள் ஒவ்வொன்றின் மேலும் குமிழி கூடி, கிண்ணம் பொங்கி மேசை விரிப்பு வரை வழியும். அதன்பின் கரண்டியால் சுற்றிச் சுற்றிக் கலக்கினால் மிச்சம் இருந்த காஸும் போச்சு. ஷேக்கரிலோ மிக்ஸியிலோ காஸ் உள்ள எதையும் போடவே கூடாது, உள்ளே அழுத்தம் ஏறி மூடியைத் தள்ளிவிடும்.

இனிப்பு, புளிப்பு எல்லாம் புரோசெக்கோ சேர்க்கும் முன்பே சரியாக இருக்க வேண்டும். இங்கேதான் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குளிர்ந்த பானத்தில் இனிப்பு மட்டுப்பட்டுத் தெரியும். கரியமில வாயு தன் பங்குக்குக் கொஞ்சம் புளிப்பைச் சேர்க்கும். அதனால் அறைச் சூட்டில் சரியாக இருக்கும் கலவை, கடைசியில் சப்பென்றோ அதிகப் புளிப்பாகவோ போய்விடும். கலவையைக் குளிர்ந்த பிறகுதான் சுவை பார்க்க வேண்டும், அதுவும் தனியாக அல்ல. ஒரு சின்ன டம்ளரில் நான்கு கரண்டி கலவை, இரண்டு கரண்டி சோடா ஊற்றிக் குடித்துப் பாருங்கள். விருந்தாளி குடிக்கப்போவது ஏறக்குறைய அந்தச் சுவைதான்.

ஊற்றும்போது கிண்ணத்தின் ஓரமாக, சாய்வாக ஊற்றுங்கள். அகப்பையால் அடியிலிருந்து ஒரே ஒரு முறை தூக்கி விட்டால் போதும். என் யோசனை கேட்டால், கிண்ணத்தில் ஊற்றவே வேண்டாம். டம்ளரில் மூன்றில் இரண்டு பங்கு குளிர்ந்த கலவை, அதன் மேல் ஒரு பங்கு புரோசெக்கோ என்று வருகிறவருக்கு வருகிறபோது ஊற்றிக் கொடுங்கள். கடைசியாக வருகிறவருக்கும் முதல் டம்ளர் மாதிரியே இருக்கும். குழந்தைகளுக்கும் குடிக்காதவர்களுக்கும் அதே கலவையில் சோடா ஊற்றித் தரலாம், இரண்டு கிண்ணம் வைத்து எது எது என்று குழம்ப வேண்டியதில்லை.

லேபிளைப் படிக்காமல் வாங்குவது

ஸ்பார்க்லிங் ஒயின் பாட்டிலில் ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்று போட்டிருந்தால் இனிப்பே இல்லாதது என்று எடுத்து வருகிறார்கள். உண்மை வேறு. ‘புரூட்’ என்றால் லிட்டருக்கு 12 கிராம் வரை சர்க்கரை. ‘எக்ஸ்ட்ரா டிரை’ 12 முதல் 17 கிராம். ‘டிரை’ என்பது அதைவிடவும் இனிப்பு, 17 முதல் 32 கிராம். சைடரே இனிப்பு என்பதால் இந்தப் பஞ்சுக்கு புரூட்தான் பொருந்தும். விலை உயர்ந்த ஷாம்பெயின் வாங்கிக் கிரான்பெர்ரியில் கலப்பது வீண். புரோசெக்கோவோ ஸ்பெயினின் காவாவோ தாராளமாகப் போதும்.

டானிக் வாட்டரும் சோடாவும் ஒன்றல்ல. டானிக்கில் குவினைன் கசப்பும் சர்க்கரையும் இருக்கும், பட்டை வாசனையோடு சேரவே சேராது.

ஷாம்பெயின் பாட்டில் போலவே இருக்கும் ஸ்பார்க்லிங் சைடர் சிலவற்றில் மது துளியும் கிடையாது, கலிபோர்னியாவின் மார்ட்டினெல்லி அப்படிப்பட்டது. பக்கத்து அலமாரியில் இருக்கும் ஹார்ட் சைடரில் மது உண்டு. குழந்தைகளுக்கு வாங்கும்போது லேபிளில் மது சதவீதம் போட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

தோட்டத்தில் நேரே வாங்கும் சைடர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கீழே விழுந்த ஆப்பிளில் விலங்குகளின் கழிவு பட்டிருந்தால், பிழிந்த சாற்றில் ஈ.கோலை கிருமி வந்துவிடலாம். 1996-இல் பாஸ்டரைஸ் செய்யாத, அதாவது சூடாக்கிக் கிருமிகளைக் கொல்லாத, ஆப்பிள் ஜூஸால் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலும் கனடாவிலும் பலர் நோயுற்றார்கள், ஒரு குழந்தை இறந்தது. அதன் பிறகு 1998 முதல், பாஸ்டரைஸ் செய்யாத ஜூஸ் பாட்டில்களில் எச்சரிக்கை வாசகம் போட வேண்டும் என்று அமெரிக்காவில் விதி வந்தது. தோட்டத்திலேயே டம்ளரில் ஊற்றித் தருவதற்கு அந்த லேபிள் இருக்காது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கர்ப்பிணிகள், குழந்தைகள், வயதானவர்கள் வரும் விருந்து என்றால் பாஸ்டரைஸ் செய்ததையே வாங்குங்கள். இல்லையென்றால் ஒரு கொதி விட்டு ஆறவைத்துக் குளிரவையுங்கள்.

பழமும் மசாலாவும்

ஆரஞ்சு, எலுமிச்சை வில்லைகளை இரவே ஊறப் போட்டால் வாசனை நன்றாக இறங்கும் என்பார்கள். இறங்குவது கசப்பு. தோலுக்குக் கீழே உள்ள வெள்ளைப் பகுதி ஊற ஊறக் கசக்கும். வில்லைகளைப் பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன்னால் போட்டால் போதும்.

ஆப்பிளில் ஹனிகிரிஸ்ப், கிரானி ஸ்மித் போன்ற மொறுமொறுப்பான வகைகள் நிற்கும். ரெட் டெலிஷியஸ் மாவாகிவிடும். மெல்லிய வில்லையாக வெட்டியதும் எலுமிச்சைச் சாற்றில் புரட்டினால் பழுப்பேறாது. கிரான்பெர்ரி உள்ளே காற்றறை இருப்பதால் மிதக்கும், பார்க்க அழகு. மாதுளை முத்துகள் அடியில் தங்கும். சின்னக் குழந்தைகளின் டம்ளரில் இரண்டையுமே போடாதீர்கள், தொண்டையில் அடைக்கும். தனி டம்ளருக்கு, முதலில் பழம், அப்புறம் பானம், மெதுவாக. நிரம்பிய டம்ளரில் பழத்தைப் போட்டால் பொங்கும்.

பட்டைத்தூள் போடவே கூடாது. அது கரையாமல் மேலே படலமாக மிதந்து தொண்டையில் ஒட்டும். 100 கிராம் சர்க்கரை, 100 மில்லி தண்ணீர், இரண்டு அங்குலப் பட்டை, தட்டிய இஞ்சி ஒரு துண்டு, கிராம்பு இரண்டே இரண்டு. சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி வைத்து ஆறியதும் வடிகட்டினால் சிரப் தயார். கிராம்பு கூடினால் பல் வலி மருந்து வாசனை வந்துவிடும். அன்னாசிப்பூ ஒன்று சேர்க்கலாம், ஆனால் மளிகைக் கடையில் சமையலுக்கு விற்பதை மட்டுமே வாங்குங்கள். பார்க்க அதைப் போலவே இருக்கும் ஜப்பானிய வகை நஞ்சு.

மூடியைத் திறக்கும்போது

ஷாம்பெயின் பாட்டிலுக்குள் கார் டயரைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான அழுத்தம் இருக்கிறது. புரோசெக்கோவில் குறைவு என்றாலும் கண்ணைக் காயப்படுத்தப் போதுமானது. சூடான, குலுங்கிய பாட்டில் இன்னும் மோசம். கார்க்கின் மேல் துணி போட்டு இறுகப் பிடித்து, பாட்டிலை 45 டிகிரி சாய்த்து, கார்க்கைத் திருகாமல் பாட்டிலைத் திருப்புங்கள். டப் என்று வெடித்தால் கைதட்டுவார்கள், ஆனால் அதோடு காஸும் ஒயினும் சேர்ந்து போகும். உஸ்ஸென்ற சத்தத்தோடு திறந்தால்தான் சரியாகத் திறந்ததாக அர்த்தம்.

புகை மாதிரி வரட்டும் என்று டிரை ஐஸ் (உறைந்த கரியமில வாயு) போடும் வழக்கம் ஹாலோவீனை ஒட்டிப் பரவியிருக்கிறது. அது மைனஸ் 78 டிகிரி. ஒரு துண்டு டம்ளருக்குள் வந்து யாராவது விழுங்கினால் உணவுக்குழாயே புண்ணாகிவிடும். வேண்டவே வேண்டாம்.

இந்த அளவில் செய்தால் பஞ்சில் மது சுமார் 4 சதவீதம்தான். ஒரு டம்ளரில் இருப்பது, ஒரு கிளாஸ் ஒயினில் இருப்பதில் பாதி. ஆனால் இனிப்பாக இருப்பதால் கணக்குத் தெரியாமல் உள்ளே போகும். போதவில்லை என்று யாரிடமும் சொல்லாமல் பிராந்தியோ வோட்காவோ ஊற்றிவிடுபவர்கள் இருக்கிறார்கள். திரும்பிக் காரோட்டிப் போகிறவர்கள் இருக்கும் வீட்டில் இதைச் செய்யவே கூடாது.

மிஞ்சியதை என்ன செய்வது? பாட்டிலில் வெள்ளிக் கரண்டியைச் செருகி வைத்தால் காஸ் நிற்கும் என்பது கட்டுக்கதை. ஷாம்பெயின் பாட்டிலுக்கென்றே விற்கும் இறுக்கமான மூடியைப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் வரை தாங்கும். குமிழி சேர்க்காத கலவை இரண்டு மூன்று நாள் இருக்கும், பழத்தை மட்டும் வடித்துவிடுங்கள். கிண்ணத்தில் காஸ் போய் நிற்பதைக் கொட்ட வேண்டாம். அதில் தோல் சீவிய பேரிக்காயைப் போட்டுச் சிறு தீயில் மென்மையாக வேகவிட்டு, பழத்தை எடுத்துவிட்டு, சாற்றைப் பாதியாகச் சுண்டவைத்து மேலே ஊற்றினால் வெனிலா ஐஸ்கிரீமுக்கு அருமையான துணை. மது கொஞ்சம் தங்கியிருக்கும் என்பதால் குழந்தைகளுக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.