நாலு டாக்டர்கிட்ட காட்டுறீங்களா? முதல்ல ஒரு பேப்பர் ரெடி பண்ணுங்க

சுகருக்கு குடியாத்தத்துல ஒருத்தர், முட்டி வலிக்கு வேலூர்ல ஒருத்தர், ஹார்ட்டுக்கு சி.எம்.சி., அவசரம்னா அடுக்கம்பாறை ஜி.ஹெச்., நம்ம பக்கம் வயசானவங்க இருக்குற நிறைய வீட்ல இதான் நிலைமை. ஒவ்வொரு எடத்துலயும் தனி நம்பர் தனி ஃபைலு, எல்லா டாக்டரையும் பாத்த ஒரே ஆளு கூட போறீங்களே நீங்கதான்.

முதல்ல இருக்குற சீட்டு, ரிப்போர்ட்டு எல்லாத்தையும் கொட்டி தேதி வாரியா அடுக்குங்க, புதுசு மேல. டாக்டர் வாரியா பிரிக்காதீங்க, ஏன்னா எலும்பு டாக்டர் வலி மாத்திரை குடுத்த அடுத்த மாசம் ரத்த டெஸ்ட்ல கிரியேட்டினின் (கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுறது) ஏறியிருந்தா அது தேதி வரிசையிலதான் கண்ணுல படும். டிஸ்சார்ஜ் சம்மரி ஒண்ணு கூட விடாதீங்க. இ.சி.ஜி. வழவழ பேப்பர்ல வந்தா அன்னைக்கே ஜெராக்ஸ், சூட்டுல மங்கிடும், வேலூர் வெயிலுக்கு கேக்கவே வேணாம்.

அடுத்ததுதான் மெயின் வேலை. ஒரு முழு வெள்ளை பேப்பர்ல மேல தேதி, அப்புறம் பேரு, வயசு, என்னென்ன நோவு எந்த வருஷத்துலருந்து, ஆபரேஷன், ஒத்துக்காத மருந்து. கீழ மாத்திரை லிஸ்ட்டு, எந்த வேளைக்கு, எந்த டாக்டர் எழுதுனது. கம்பெனி பேரோட விட்டுடாம அட்டையில சின்ன எழுத்துல இருக்குற மருந்து பேரையும் எத்தனை எம்.ஜி.ன்னும் பாத்து எழுதணும். ஒருத்தர் டெல்மான்னு எழுதியிருப்பாரு, இன்னொருத்தர் டெல்மிகைண்ட், ரெண்டுமே டெல்மிசார்ட்டான்ங்கிற ஒரே பிரஷர் மருந்துதான், தெரியாம ரெண்டையும் போட்டா பிரஷர் இறங்கி தலை சுத்தி விழ வேண்டியதுதான். நாட்டு மருந்து, கடையில கேட்டு வாங்குற மாத்திரை, அதையும் சேருங்க, பெருசுங்க இதை மட்டும் சொல்லவே மாட்டாங்க. கிட்னி வீக்கா இருக்குறவங்களுக்கு டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை ஆவாது, சில பிரஷர் மாத்திரையோட சேந்தா இன்னும் ரிஸ்க்கு.

டாக்டர் ரூம்ல ஃபைல நீட்டாதீங்க, அந்த கூட்டத்துல யாரு புரட்டுவா, பேப்பர நீட்டுங்க. புதுசா எதாவது எழுதுனா "இதுக்கும் ஏற்கனவே போடுறதுக்கும் சேருமா, எதையாவது நிறுத்தணுமா?"ன்னு கேளுங்க, மூஞ்ச காட்டுனாலும் கேளுங்க. ஒருத்தர் நிறுத்த சொன்னது இன்னொருத்தர் எழுதுன மாத்திரைன்னா அவருக்கு ரெண்டு வரி லெட்டர் வாங்கிக்கினு போய் காட்டுங்க. நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, முக்கியமா ஹார்ட் மாத்திரை.

ஆபா கார்டுன்னு கவர்மென்ட் குடுக்குற 14 இலக்க ஹெல்த் நம்பர் வருதே, ஆதார் வச்சு எடுத்து வச்சிக்கோங்க, நல்லதுதான், ஆனா அதுல சேந்த ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுதான் அதுல இணையும், பீரோல இருக்குற பழைய சீட்டு தானா ஏறாது.

மாத்திரை மாறுனா அன்னைக்கே புது பேப்பர் எழுதி பழசை கிழிச்சுடுங்க, போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க, நைட்டு பெங்களூர்ல இருக்குற பையனுக்கு போன் போட்டு "அந்த மஞ்ச மாத்திரை பேரு இன்னாடா"ன்னு கேக்குற வேலை இருக்காது.