ஒற்றை ஆளுக்கு ஓர் உலை

வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்துவிட்டால் சாம்பாரும் பொரியலும் அப்பளமுமாக இலை நிறையப் பரிமாறுகிறவர்கள்கூட, தாங்கள் மட்டுமே இருக்கும் நாளில் அடுப்பைப் பற்றவைக்க மனமில்லாமல் இரண்டு வாழைப்பழத்தோடு இரவை முடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். பணி மாற்றத்தால் திருச்சியில் நான்கு ஆண்டுகள் தனி அறையில் தங்கியிருந்தபோது முதல் ஓராண்டை நானும் அப்படித்தான் கழித்தேன். இதைச் சோம்பல் என்று பெயரிட்டுவிடுவது எளிது, ஆனால் அது சரியான கணிப்பு அன்று. நால்வர் உண்ணும் வீட்டில் ஒருவர் காய் நறுக்க, இன்னொருவர் பாத்திரம் கழுவ, பசியோடு காத்திருக்கும் முகங்களே சமைப்பவரை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போகும். தனியாள் வீட்டில் வெங்காயம் உரிப்பதும், பருப்பு வேகவைப்பதும், கரிபிடித்த வாணலியைத் தேய்ப்பதும் ஏறத்தாழ அதே அளவு வேலைதான். உண்பவர் மட்டும் ஒருவர். அந்த வேலை முழுவதும் அலுவலகம் முடிந்து களைத்து வந்த எட்டு மணிக்குத்தான் நம் முன் நிற்கிறது. சமைக்கும் ஆர்வம் தானாக வரட்டும் என்று அந்த நேரத்தில் காத்திருப்பதில் பயனில்லை. எட்டு மணிக்குச் செய்ய வேண்டியிருக்கும் வேலையைக் குறைத்து, அதன் பெரும்பகுதியைத் தெம்பு இருக்கும் நேரத்துக்கு மாற்றிவிட்டால், மீதியைச் செய்வதற்குப் பெரிய ஆர்வமே தேவைப்படாது என்பதுதான் நான் கண்டது.

முதலில் ஒரு வாரம் எதையும் மாற்றாமல், சமைக்காமல் விட்ட ஒவ்வொரு வேளையிலும் நம்மைத் தடுத்தது எது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சிலருக்கு என்ன சமைப்பது என்ற யோசனையே தடை. சிலருக்கு வெங்காயமும் பூண்டும் உரிப்பது. சிலருக்கு வீட்டில் காய் இல்லாதது. எனக்கு அது தொட்டியில் கிடந்த பாத்திரங்கள். அதைக் கண்டுகொண்ட பிறகு நான் செய்த முதல் மாற்றம் சமையலைப் பற்றியதே அன்று: காலையில் குளிக்கப் போவதற்கு முன் தொட்டியைக் காலி செய்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். மாலையில் வந்து பார்க்கும்போது அடுப்படி துடைத்துக் கிடந்தால், அரிசியைக் களைந்து போட எனக்குத் தயக்கம் வரவில்லை. உங்கள் தடை வேறாக இருக்கலாம். அது எது என்று தெரியாமல் புதிய சமையல் குறிப்புகளைத் தேடிப் படிப்பதால் பயன் இல்லை.

அடுத்தது பாத்திரத்தின் அளவு. ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய ஐந்து லிட்டர் குக்கரில் ஒரு கைப்பிடி பருப்பைப் போட்டால் அது அடியில் பரவிக் கிடக்கும். கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் மூன்று நாளுக்கு அதையே தின்ன வேண்டிவரும். தனியாளுக்கு மூன்று லிட்டர் குக்கர், அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இரண்டு அடுக்குப் பாத்திரங்கள், ஒரு சிறு வாணலி, ஒரு தோசைக்கல், ஒரு தாளிப்புக் கரண்டி, இவை போதும். அளப்பதற்கு ஓர் ஆழாக்கு வாங்கிக்கொள்ளுங்கள். படியில் எட்டில் ஒரு பங்கான ஆழாக்கு 168 மில்லிலிட்டர் கொள்ளும். அதில் அரை அளவு அரிசி ஏறத்தாழ 70 கிராம் இருக்கும், அது ஒருவருக்கு ஒரு வேளைக்குச் சரியாக வரும். கண்ணளவில் போடும் வழக்கத்தை விட்டு இந்த அரை ஆழாக்குக் கணக்குக்கு வந்தபோதுதான் என் வீட்டில் சோறு மீந்து வீணாவது நின்றது.

ஒரே குக்கரில் ஒரு முழுச் சாப்பாட்டை இப்படி எடுக்கலாம். வேலைக்குப் போய் வந்ததும், உடை மாற்றுவதற்கு முன்பாகவே, அரை ஆழாக்கு அரிசியையும் இரண்டு மேசைக்கரண்டி துவரம்பருப்பையும் தனித்தனியாகக் களைந்து ஊறப்போட்டுவிட வேண்டும். இருபது நிமிடம் கழித்துக் குக்கரின் அடியில் ஒரு தம்ளர் தண்ணீர் விட்டு, கீழடுக்கில் பருப்பும் மஞ்சள்தூளும் ஒரு பல் பூண்டும் முக்கால் தம்ளர் தண்ணீரும், மேலடுக்கில் அரிசியும் அதற்கு இரண்டரைப் பங்கு தண்ணீரும் வைத்து, அதற்கு மேல் ஒரு சிறு கிண்ணத்தில் பெரிய துண்டுகளாக நறுக்கிய கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு போன்ற கெட்டியான காயைத் தண்ணீர் விடாமல் வைத்து மூட வேண்டும். நான்கு விசில் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, ஆவி தானாக அடங்கும் வரை விட்டுவிடலாம். அந்த நேரம் குளிப்பதற்குப் போதும். திறந்ததும் பருப்பில் பாதியை நெய்யும் உப்பும் சேர்த்துச் சோற்றுக்கு வைத்துக்கொண்டு, மீதிப் பாதியில் ஒரு தக்காளியைக் கரைத்து, தட்டிய மிளகும் சீரகமும் போட்டு நுரை கட்டும்போது இறக்கினால் ரசம் ஆகிவிடும். காயைத் தாளித்துப் பிரட்டினால் பொரியல். கீரையையும் வெண்டைக்காயையும் மட்டும் இந்த அடுக்கில் வைக்க வேண்டாம், குழைந்து கெட்டுப்போகும்.

இனி ஞாயிற்றுக்கிழமை. அன்று ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் வாரத்தில் நான்கு நாட்கள் எளிதாகிவிடும் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மூன்று பொருள்கள் தயாராக இருக்க வேண்டும்: மாவு, பொடி, தொக்கு.

மாவுக்கு இரண்டு ஆழாக்கு இட்லி அரிசிக்கு அரை ஆழாக்கு உளுந்தும் அரைத் தேக்கரண்டி வெந்தயமும் போதும். இவ்வளவு சிறிய அளவுக்கு கிரைண்டரை எடுத்துக் கழுவி வைப்பதே ஒரு வேலை என்பதால் மிக்ஸியில் அரைக்கலாம். மிக்ஸி சூடேறினால் உளுந்து பொங்காது, ஆகவே குளிர்ந்த நீரைத் தெளித்து விட்டு விட்டு அரைக்க வேண்டும். புளித்த மறுநாள் இட்லி, அதற்கடுத்து தோசை, மாவு சற்றுப் புளிப்பேறியதும் வெங்காயம் தூவிய ஊத்தப்பம், கடைசியில் மிஞ்சுவதைத் தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம் என்று ஒரே மாவு நான்கைந்து வேளைக்கு வெவ்வேறு பலகாரமாகும். தனியாள் சாப்பாட்டில் சலிப்பு வருவதற்கு ஒரே உணவை மறுபடி சூடாக்கித் தின்பதுதான் பெரும்பாலும் காரணம். மாவில் அந்தச் சங்கடம் இல்லை, ஒவ்வொரு வேளையும் கல்லிலிருந்து புதிதாக வருகிறது.

பருப்புப் பொடிக்கு ஓர் ஆழாக்கு துவரம்பருப்பைச் சிறு தீயில் பொன்னிறமாக வறுத்து, ஆறு காய்ந்த மிளகாய், ஒரு தேக்கரண்டி மிளகு, அரைத் தேக்கரண்டி சீரகம், ஒரு துண்டுப் பெருங்காயம், கல்லுப்பு ஆகியவற்றையும் வறுத்து, ஆறவிட்டு அரைக்க வேண்டும். ஈரமில்லாத கரண்டியைப் பயன்படுத்தினால் ஒரு மாதம் கெடாது. சுடு சோறு, நெய், இந்தப் பொடி, இரண்டு அப்பளம், ஒரு கிண்ணம் மோர் என்றால் எனக்கு அது குறைபட்ட சாப்பாடாகத் தோன்றியதே இல்லை.

தொக்குக்குக் கால் கிலோ சின்ன வெங்காயமும் அரைக் கிலோ தக்காளியும் எடுத்துக்கொள்ளுங்கள். வெங்காயத்தை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு வைத்தால் தோல் எளிதாகக் கழன்று வரும். நல்லெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, வெங்காயத்தை நன்றாகச் சிவக்கவிட்டு, தக்காளி, மிளகாய்த்தூள், உப்பு, சிறிது புளிக்கரைசல் சேர்த்து எண்ணெய் பிரிந்து வரும் வரை வதக்கினால், குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் இருக்கும். இதுவே என்னைக் காப்பாற்றியது என்பேன். தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம், சோற்றில் பிசைந்தால் தக்காளிச் சோறு, இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால் முட்டைத் தொக்கு, தண்ணீர் விட்டு, வேகவைத்த கத்தரிக்காயைச் சேர்த்துக் கொதிக்கவிட்டால் குழம்பு. வெங்காயமும் தக்காளியும் வதக்கும் அந்தப் பதினைந்து நிமிட வேலைதான் வார நாட்களில் நம்மை அடுப்படியிலிருந்து துரத்துவது. அதை ஞாயிறே முடித்துவிடுகிறோம்.

காய் வாங்குவதில் தனியாட்கள் செய்யும் தவறு, ஒரு வாரத்துக்கும் சேர்த்து ஒரே நாளில் வாங்குவது. வியாழக்கிழமை அழுகிய வெள்ளரிக்காயையும் கறுத்த கொத்தமல்லியையும் குப்பையில் போடும்போது, மனம் சமையலையே விட்டுவிடச் சொல்லும். நான் தென்னூர் உழவர் சந்தைக்கு வாரத்துக்கு இரண்டு முறை காலையில் போய், ஒவ்வொரு முறையும் மூன்றே வகை வாங்கினேன்: சேனை, வாழைக்காய், ஒரு கீற்றுப் பூசணி என்று நாள்பட நிற்கும் ஒன்று, அவரை, புடலை என்று இரண்டு நாளுக்குள் முடிக்க வேண்டிய ஒன்று, அன்றே சமைத்துவிட ஒரு கட்டுக் கீரை. கால் கிலோ கேட்கத் தயங்க வேண்டியதில்லை. பல காய்களைக் கலந்து கூறு கட்டி வைத்திருந்தால் சாம்பாருக்கு அது தனியாளுக்கென்றே அமைந்த அளவு.

எவ்வளவு உண்ண வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோலும் தேவை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படுபவருக்கு 250 கிராம் தானியம், 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம், 85 கிராம் பருப்பு அல்லது முட்டை, இறைச்சி வகை, 300 மில்லிலிட்டர் பால் என்று சொல்கின்றன. தனியாகச் சாப்பிடுகிறவர் தட்டில் தானியம் எப்படியும் வந்துவிடும். விடுபடுவது காயும் பருப்பும்தான். ஆகவே எந்த வேளையிலும் தட்டைப் பார்த்து, இதில் காய் இருக்கிறதா, பருப்போ முட்டையோ இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டால் போதும். தயிர்ச்சோற்றில் துருவிய கேரட்டையும் ஒரு கைப்பிடி வேகவைத்த பாசிப்பயறையும் சேர்ப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

எல்லா நாளும் ஒரே தெம்போடு இருப்பதில்லை. அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டி, தெம்புள்ள நாளுக்கு ஐந்து உணவுகள், பாதித் தெம்பு நாளுக்கு ஐந்து, நிற்கவே முடியாத நாளுக்கு ஐந்து என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள். கடைசி வரிசையில் என் தாளில் இருந்தவை: தயிரில் ஊறிய அவல், அரிசி நொய்யும் பாசிப்பருப்பும் சேர்ந்த கஞ்சி, காய் போட்ட ரவை உப்புமா, அவித்த முட்டையும் ரொட்டியும், முந்தைய இரவே தண்ணீர் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த பழைய சோறும் சின்ன வெங்காயமும். ஐந்தும் முடியாத நாளில் கடையில் நான்கு இட்லி வாங்கி வந்து வீட்டுப் பொடியோடு உண்பதில் குற்றம் எதுவும் இல்லை. அடுத்த நாள் மறுபடி உலை வைத்தால் சரி.

மீந்த உணவில் மட்டும் கவனம் வேண்டும். சமைத்த சோற்றையும் குழம்பையும் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, எடுக்கும்போது தேவையான அளவை மட்டும் ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் மதியச் சோற்றை மூடி வைத்து இரவு உண்பது ஆபத்து. சோற்றில் வளரும் சில நுண்ணுயிர்கள் உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது.

இனி, சமைத்ததை எப்படி உண்பது என்பது. வாணலியிலிருந்தே கரண்டியால் எடுத்து, நின்றபடி, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே தின்றால் என்ன தின்றோம் என்பதே நினைவில் நிற்காது. நினைவில் நிற்காத சாப்பாட்டுக்காக நாளை யார் மெனக்கெடுவார்கள்? தட்டில் பரிமாறி, தண்ணீர் வைத்து, உட்கார்ந்து உண்ணுங்கள். வாரம் ஒரு நாள் வாழை இலை வாங்கிப் போட்டுக்கொள்வேன். சூட்டில் எழும் அந்த இலை மணத்துக்காகவே அன்று பொரியலோடு ஒரு பச்சடியும் செய்யத் தோன்றும்.

பிறரையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு கிண்ணம் தொக்கு கொடுத்தேன். கொடுத்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரும் வழக்கம் நம்மிடம் இல்லாததால், அது மறுநாள் சுண்டைக்காய் வற்றலோடு வந்தது. அதன்பின் வாரம் ஒரு முறையாவது இன்னொருவருக்கும் சேர்த்துச் சமைக்கக் காரணம் கிடைத்தது. காய் நறுக்கும் நேரத்தை அம்மாவோடு தொலைபேசியில் பேசும் நேரமாக வைத்துக்கொண்டதும் உதவியது, “இன்னைக்கு என்ன குழம்புப்பா?” என்று அவர் கேட்பார் என்பதற்காகவே ஏதோ ஒரு குழம்பு இருக்கும்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பசியே எடுக்கவில்லை, எடை குறைகிறது, சமையலில் மட்டுமல்லாமல் எதிலுமே நாட்டமில்லை என்றால், அதை மாவும் தொக்கும் தீர்க்காது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். நாடெங்கும் கட்டணமின்றி இயங்கும் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம்.

தொடங்குகிறவர்கள் இவ்வளவையும் ஒரே வாரத்தில் செய்யப் பார்க்க வேண்டாம். முதல் வாரம் திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று இரவுகளுக்கு மட்டும் அந்த அடுக்குக் குக்கர் சாப்பாடு, மற்ற நாட்கள் வழக்கம்போல. இரண்டாம் வாரம் பொடியை அரைத்துக்கொள்ளுங்கள். தொக்கும் மாவும் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கு இருக்கட்டும். அதுவரை வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நேராக அடுப்படிக்குப் போய், அரை ஆழாக்கு அரிசியைக் களைந்து ஊறப்போடுங்கள்.