புதுசா வண்டி ஏறுற இஎம்டி (ஆம்புலன்ஸில் அவசர சிகிச்சை தருகிறவர்) தம்பி தங்கச்சிகளுக்கு

வடசென்னையில் 11 வருஷம் ஆம்புலன்ஸில் ஓடியிருக்கேன். கை கழுவியதை விடக் கேஸ் ஷீட் (பேஷண்ட் விவரத் தாள்) எழுதியதுதான் அதிகம். அதை எப்படி எழுதணும் என்று சொல்றேன்.

ஷிஃப்ட் ஏறியதும் ஆக்சிஜன் சிலிண்டரைப் பார்க்கிற மாதிரி கடிகாரத்தையும் பாருங்க. உங்க போன், மானிட்டர், குளுக்கோமீட்டர் மூன்றும் ஒரே மணி காட்டணும். பேட்டரி மாற்றின குளுக்கோமீட்டர் எந்த யுகத்திலோ நிற்கும். மணியை 24 மணிக் கணக்கில் எழுதுங்க. வெறும் 7 என்றால் காலையா ராத்திரியா என்று யாருக்குத் தெரியும்?

கையுறை மேல எழுதுற பழக்கம் எனக்கும் இருந்தது. ஒருநாள் ஒரு கேஷுவால்டி வாசலில் பேஷண்டை இறக்கிவிட்டு, பி.பி., சுகர் எல்லாம் எழுதின கையுறையைக் கழற்றிச் சிவப்புத் தொட்டியில் போட்டுட்டேன். டாக்டர் "சுகர் எவ்வளவு?" என்றார். நான் தொட்டியைப் பார்த்தேன். அன்றிலிருந்து பேண்ட் தொடையில் ஒரு சாண் மைக்ரோபோர் டேப் (கட்டுப் போட ஒட்டுற காகித டேப்). அதில் எழுதி, அப்படியே உரித்து, அதைப் பார்த்து ஷீட்டை நிரப்புவேன்.

மணியை விசாரிக்கிறதுதான் பெரிய வேலை. யாரைக் கேட்டாலும் "இப்பதான் சார்" என்பாங்க. வியாசர்பாடியில் ஒரு அம்மா, தன் கணவரைக் காட்டி, "காலையில 6 மணிக்குத்தாம்மா கை விளங்கல" என்றார்.

"6 மணிக்கு நீங்க பாத்தீங்க. கடைசியா நல்லாப் பேசினது எப்பம்மா?"

கொஞ்சம் யோசித்தார். "3 மணிக்குத் தண்ணி புடிக்க எழுந்தேன். குடத்தை மூடி வைடின்னாரு."

பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு 4½ மணி நேரம்தான் கணக்கு. அது கண்டுபிடித்த மணியிலிருந்து ஓடாது, கடைசியாக நல்லா இருந்த மணியிலிருந்து ஓடும். 6 என்று எழுதினால் 10.30 வரை நேரம் இருக்கிற மாதிரி தெரியும், உண்மையில் 7.30க்கே முடியுது. தாமதமாகப் போட்டால் மூளையில் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். அதனால் நான் எழுதினது: "கடைசியாக நலம் 03.00, மனைவி கூற்று. கண்டது 06.00." மணி கேட்டால் வராது. பால் பாக்கெட் வந்ததா, சீரியல் ஓடிச்சா, தண்ணி லாரி போச்சா என்று கேளுங்க, வரும்.

கண்டதை எழுதுங்க, தீர்ப்பு எழுதாதீங்க. "குடிபோதை" என்று எழுதினால் அடுத்து யாரும் சுகர் பார்க்க மாட்டாங்க. "வாயில் மது வாடை, பேச்சு குழறல், சுகர் 41" என்று எழுதினால் கதையே வேற, சுகர் ரொம்ப இறங்கியிருக்கு என்று தெரியும். நினைவு மதிப்பெண்ணை வெறும் 13 என்று முடிக்காதீங்க. ஈ3 வி4 எம்6 (கண் திறப்பு, பேச்சு, அசைவு) என்று பிரிங்க. ஆக்சிஜன் அளவும் அப்படித்தான்: வெறுங்காற்றில் 88%, நிமிஷத்துக்கு 6 லிட்டர் ஆக்சிஜன் வைத்த பிறகு 95%.

வீட்டில் மாத்திரைப் பெயர் கேட்டு நேரம் ஓட்டாதீங்க. மாத்திரை இருக்கிற மஞ்சப்பையையே தூக்கிட்டு வாங்க. தலையில் அடிபட்டவர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறாரா என்பதை அட்டை சொல்லிடும்.

நகையைத் "தங்கச் சங்கிலி" என்று எழுதாதீங்க. நீங்க உரைத்தா பார்த்தீங்க? "மஞ்சள் உலோகச் சங்கிலி 1". யாரிடம் கொடுத்தீங்களோ அவர் கையெழுத்தும் வாங்குங்க. விபத்தில் தூக்கி விட்டவர் பெயர் சொல்ல மறுத்தால் விட்டுடுங்க. 2019இல் திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு தருது.

ஒப்படைக்கிறப்போ ஸ்ட்ரெச்சரை மாற்றும்முன் "டாக்டர், அரை நிமிஷம்" என்று சொல்லிப் பேசுங்க. வயசு, என்ன ஆச்சு, எப்போ, என்ன பார்த்தோம், என்ன கொடுத்தோம். எல்லாரும் 'ஒன் டூ த்ரீ' சொல்லித் தூக்குறப்போ நீங்க சொல்றது யார் காதிலும் ஏறாது. ஷீட்டில் வாங்கினவர் கையெழுத்தும் மணியும் இல்லாமல் வண்டியை எடுக்காதீங்க. பைலட் (வண்டி ஓட்டுற) அண்ணன் ஹாரன் அடிச்சா அடிக்கட்டும்.

தப்பா எழுதிட்டா ஒற்றைக் கோடு, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்து, மணி. ஒயிட்னர் பாட்டிலை வீட்டிலேயே வைங்க.