மொரீஷியஸ்ல எந்த ஆள்கிட்ட எந்த மொழி: புதுசா வர்ற நம்ம ஆளுங்களுக்கு

மொரீஷியஸுக்கு வேலைக்கு வர்ற நம்மூர்க்காரங்க ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடி கேக்குறது எல்லாம் ஒரே கேள்விதான், இங்கிலீஷ் போதுமா, பிரெஞ்சு கத்துக்கணுமா, இல்ல அங்க தமிழருங்க நிறைய இருக்காங்களாமே தமிழ்லயே ஓட்டிரலாமான்னு. மூணுக்கும் அரைகுறையா ஆமான்னுதான் சொல்ல முடியும். இங்க ஒரே மனுஷன் காலைல எந்திரிச்சு ராத்திரி படுக்குறதுக்குள்ள நாலு மொழி மாத்துவாரு, வீட்ல கிரியோல் (பிரெஞ்சுல இருந்து வளந்த உள்ளூர்ப் பேச்சு மொழி), ஆபீஸ் ஃபைல்ல இங்கிலீஷ், டீக்கடையில விரிச்சு வச்ச பேப்பர் பிரெஞ்சு, சாயங்காலம் கோயில்ல தேவாரம் தமிழ். அதனால எதிர்ல நிக்கிறவருக்கு என்ன மொழி தெரியும்னு யோசிக்கிறத விட்டுட்டு, இந்த வேலை இந்த ஊர்ல எந்த மொழில நடக்குதுன்னு பாருங்க, பாதி குழப்பம் அங்கேயே தீந்துடும்.

ஏன் இப்படி ஆச்சுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கிறது நல்லது. பிரெஞ்சுக்காரன் கிட்ட இருந்து 1810ல இங்கிலீஷ்காரன் தீவைப் பிடிச்சான், ஆனா இருந்த ஜனங்களோட பழக்கவழக்கம், சட்டம், மொழி எல்லாத்தையும் அப்படியே விட்டுட்டான். அதோட விளைவு இன்னிக்கும் ஓடுது. சட்டங்கள் இங்கிலீஷ்ல, ஆனா சொத்து, கல்யாணம் மாதிரி விஷயங்களுக்கான சிவில் கோடு பிரெஞ்சுல. அரசியல் சாசனப்படி பார்லிமென்ட்டோட மொழி இங்கிலீஷ், ஆனா உறுப்பினர் பிரெஞ்சுலயும் பேசலாம். பள்ளிக்கூடத்துல பரீட்சை இங்கிலீஷ்ல எழுதுற பசங்க வெளிய வந்தா ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேச மாட்டாங்க. அப்ப பேச்சுக்கு கிரியோல், கையெழுத்து போடுற பேப்பருக்கு இங்கிலீஷ், கொஞ்சம் மரியாதையான இடம், பேங்க் கவுண்டர், பெரிய கடை, இதுக்கெல்லாம் பிரெஞ்சு. இத மனசுல வச்சுக்கோங்க.

முதல்ல கத்துக்க வேண்டியது பிரெஞ்சு இல்ல, கிரியோல். இதுல என்கூட சண்டைக்கு வர்றவங்க இருக்காங்க, பிரெஞ்சு தெரிஞ்சா ஐரோப்பா போகலாம்னு சொல்வாங்க, போங்க, ஆனா நாளைக்கு காலைல சைட்ல மேஸ்திரி பேசுறது புரியணும்னா கிரியோல்தான். இந்து, முஸ்லிம், சீனர், ஆப்பிரிக்க வம்சாவளி எல்லாருக்கும் பொதுவா இருக்குற ஒரே மொழி அதுதான், பள்ளிக்கூடத்துலயே 2012ல இருந்து விருப்பப் பாடமா சொல்லிக் கொடுக்குறாங்க. சும்மா உடைஞ்ச பிரெஞ்சுன்னு யாராவது சொன்னா காதுல போட்டுக்காதீங்க, முக்கியமா உள்ளூர்க்காரங்க முன்னாடி அப்படி சொல்லிடாதீங்க. அதுக்குன்னு தனி இலக்கணம், எழுத்து முறை எல்லாம் இருக்கு.

நமக்கு ஒரு வசதி என்னன்னா காலத்துக்குத் தகுந்த மாதிரி வினைச்சொல் மாறாது, முன்னாடி ஒரு சின்ன சொல் மட்டும் போட்டா காலம் மாறிடும். சாப்பிடுறதுக்கு மான்ஸே. மோ பே மான்ஸே, சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். மோ ஃபின் மான்ஸே, சாப்பிட்டாச்சு. மோ தி மான்ஸே, அப்போ சாப்பிட்டேன். மோ பூ மான்ஸே, சாப்பிடப் போறேன். அவ்வளவுதான், ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்தா பிடிபட்டுடும். இன்னொன்னு நம்மள மாதிரியே நீ, நீங்க இருக்கு. "தோ"ன்னா நீ, "ஊ"ன்னா நீங்க. கூட வேலை செய்ற பசங்க தங்களுக்குள்ள தோன்னுதான் பேசுவாங்க, அதக் கேட்டுட்டு நீங்க போய் கோயில் தலைவர்கிட்டயும் பக்கத்து வீட்டு அம்மாகிட்டயும் தோன்னு ஆரம்பிச்சா முகம் சுருங்கிடும். புதுசா யாரைப் பாத்தாலும் ஊ, அவங்களா தோன்னு இறங்கினா அப்புறம் நீங்களும் இறங்கலாம். வயசானவங்கள "தோன்தோன்", "தான்தின்"னு கூப்பிடலாம், நம்ம மாமா அத்தை கணக்குதான், ஆனா கொஞ்சம் பழகினதுக்கு அப்புறம். அதுவரைக்கும் மிஸ்யே, மதாம். கடைக்குள்ள, பஸ்ல, கிளினிக்ல நுழைஞ்ச உடனே பொன்ஸூர் சொல்லிட்டு அப்புறம் விஷயத்துக்கு வாங்க. நேரா "எவ்ளோ"ன்னு கேட்டா அது இங்க மரியாதைக் குறைவு.

நம்பர்ல ஜாக்கிரதையா இருங்க, சந்தையில ஏமாறுறது பாதி இதனாலதான், கடைக்காரன் ஏமாத்தல, நமக்குத்தான் காது போதாது. எழுபதுன்னா அறுபது பத்துன்னு சொல்வாங்க, சுவாசாந்திஸ். எண்பதுன்னா நாலு இருபது, கத்ரோவின். தொண்ணூத்தஞ்சுன்னா நாலு இருபது பதினஞ்சு. வேகமா சொன்னா எண்பதா தொண்ணூறான்னு தெரியாது. பழகுற வரைக்கும் போன்ல கால்குலேட்டர எடுத்து நீட்டுங்க, அவரே அடிச்சுக் காட்டுவாரு, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. ஊர்ப் பேரும் அப்படித்தான், மேப்புல இருக்குற எழுத்தப் பாத்து நாம போர்ட் லூயிஸ்னு படிக்கிறோம், பஸ் கண்டக்டர் போர்லுயின்னு கத்துவாரு. இறங்க வேண்டிய இடத்த போன்ல எழுதிக் காட்டுறத விட, ஏறுறதுக்கு முன்னாடி ரூம்ல இருக்குற உள்ளூர் பையன்கிட்ட ஒருதடவ சொல்லச் சொல்லி காதால கேட்டுக்கோங்க.

இப்ப உள்ளூர்த் தமிழருங்க விஷயம், இதுல நம்மாளுங்க ரொம்ப சொதப்புறாங்க. பேர் சுப்பிரமணியன், நெத்தியில விபூதி, வீட்டு வாசல்ல வேல், பேச ஆரம்பிச்சா சுத்தமா கிரியோல். உடனே "தமிழரா இருந்துட்டு தமிழ் தெரியாதா"ன்னு கேக்குறாங்க பாருங்க, அந்த ஒரு கேள்வியோட அந்த வீட்டுக் கதவு சாத்திடும். இவங்க முன்னோர் பிரெஞ்சு காலத்துலயே 1700கள்ல பாண்டிச்சேரி பக்கத்துல இருந்து கொத்து வேலை, தச்சு வேலைன்னு வந்தவங்க, அப்புறம் 1834க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா வந்தவங்க. அத்தனை தலைமுறை தாண்டியும் தைப்பூசத்துக்கு பத்து நாள் விரதம் இருந்து காவடி எடுக்குறாங்க, அரசாங்கமே அன்னிக்கு லீவு விடுது. பேச்சு போச்சு, மத்ததெல்லாம் இருக்கு. அவங்களுக்கு தமிழ் சாமிகிட்ட பேசுற மொழி, பெருமைக்குரிய மொழி. சந்தையில கத்திரிக்கா வாங்குறதுக்கு இல்ல. அதனால கிரியோல்லயோ இங்கிலீஷ்லயோ ஆரம்பிங்க, அவங்களா "வணக்கம், சௌக்கியமா"ன்னு வந்தா மெதுவா சின்னச் சின்ன வாக்கியமா தமிழ் பேசுங்க, மதுரை வேகத்துல அடிக்காதீங்க. தப்பா சொன்னா திருத்தவும் வேண்டாம். இங்க பள்ளிக்கூடத்துல படிச்ச தமிழ் எழுத்துத் தமிழ், அதனால "போயிட்டு வர்றேன்"ன விட "போய் வருகிறேன்" அவங்களுக்கு சட்டுனு புரியும், நமக்கு நாடகம் மாதிரி இருந்தாலும் பரவாயில்ல. எல்லாரையும் மொத்தமா இந்தியன்னு சொல்றதும் வேண்டாம், அவங்க மொரீஷியஸ்காரங்க. தமிழர், தெலுங்கர், மராத்தியர், இந்தி பேசுறவங்கன்னு இங்க தனித்தனி சமூகமா பாக்குறாங்க.

பேர் எழுதுறதுல கவனம். முத்துசாமிங்கிற பேர் ஐடி கார்டுல பழைய பிரெஞ்சு எழுத்துக்கூட்டுல இருக்கும், பாத்தா நமக்கு தப்பு மாதிரி தெரியும். அர்ச்சனை லிஸ்ட்டோ சம்பள லிஸ்ட்டோ, கார்டுல இருக்குற எழுத்தை அப்படியே எழுதுங்க, சரி பண்றேன்னு மாத்தினா பேங்க்ல பணம் நின்னுடும்.

கோயில் கமிட்டியோ சங்கமோ, கலப்பா ஆளுங்க இருக்குற மீட்டிங் நடத்துற பொறுப்பு உங்களுக்கு வந்தா, ஆரம்பத்துலயே பேசுற மொழி எது, எழுதுற மொழி எதுன்னு ரெண்டையும் தனித்தனியா முடிவு பண்ணிடுங்க. பேசுறது கிரியோல், மினிட்ஸ் இங்கிலீஷ் அல்லது பிரெஞ்சு, இது சரியா வரும். தமிழ்நாட்டுல இருந்து வந்த குருக்கள், ஸ்தபதி யாராவது இருந்தா ஒவ்வொரு விஷயம் முடிஞ்சதும் ரெண்டு வரி தமிழ்ல சொல்லிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகணும். கடைசியில மொத்தமா சொல்றோம்னு விட்டா, அதுக்குள்ள கும்பாபிஷேகத் தேதியே முடிவாகி அவருக்கு தெரியாமப் போயிருக்கும், நல்ல நாளா இல்லையான்னு பாக்க வேண்டியவரே அவர்தான். வாட்ஸ்அப் குரூப்ல வாய்ஸ் மெசேஜ் போடுறவங்க கூடவே யாரு, என்ன, எப்போன்னு ஒரு வரி எழுதிப் போடணும்னு வச்சுக்கோங்க, நாலு நிமிஷ கிரியோல் வாய்ஸ யாரும் ட்ரான்ஸ்லேட் பண்ணி உக்காந்துக்கிட்டு இருக்க மாட்டாங்க. பாட்டுத் தாள் அச்சடிச்சா தமிழ் எழுத்துக்குக் கீழ ரோமன் எழுத்துலயும் போடுங்க, தமிழ் எழுத்து படிக்கத் தெரியாதவங்களும் வாய்விட்டுப் பாட முடியும்.

போர்டு, பேனர், அழைப்பிதழ்ல எந்த மொழி மேல எந்த மொழி கீழங்கிறது சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. மொரீஷியஸ் ரூபா நோட்டுல இங்கிலீஷ், அடுத்து தமிழ், அடுத்து இந்தின்னு வரிசை. 1998ல புது நோட்டு அடிச்சப்ப இந்தி மொழிய தமிழுக்கு மேல தூக்கி வச்சுட்டாங்க, தமிழருங்க கொதிச்சு எழுந்து கடைசியில அந்த நோட்டையே திரும்ப வாங்கிட்டு அடுத்த வருஷம் பழைய வரிசையில அடிச்சு விட்டாங்க. ரூபா நோட்டுக்கே அந்தப் பாடுன்னா நம்ம அன்னதான பேனர் எம்மாத்திரம். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி பெரியவங்க ரெண்டு பேர்கிட்ட காட்டி சரின்னு வாங்கிடுங்க.

வேலை இடத்துல நிலைமை இன்னும் கலவை. பங்களாதேஷ், நேபாளம், மடகாஸ்கர், நம்மாளுங்க, உள்ளூர் சூப்பர்வைசர் எல்லாம் ஒரே லைன்ல. மடகாஸ்கர்காரங்களுக்கு பிரெஞ்சு ஓரளவு வரும், நேபாளி, பங்களாதேஷ் பசங்க இந்தி வச்சு சமாளிப்பாங்க, நம்ம ஆளுக்கு ரெண்டும் வராது, சிரிச்சுக்கிட்டே தலைய ஆட்டுவான். அந்தத் தலையாட்டல்தான் பெரிய ஆபத்து, நமக்கு அது சரிங்க, அவங்களுக்கு அது இல்லைன்னும் தெரியும் ஆமான்னும் தெரியும். ஆமாவுக்கு "வி", இல்லைக்கு "நோன்"னு வாயத் தொறந்து சொல்லிப் பழகுங்க. நீங்க சூப்பர்வைசர்னா "புரிஞ்சுதா"ன்னு கேக்கவே கேக்காதீங்க, எல்லாரும் "வி"ன்னுதான் சொல்வாங்க. என்ன செய்யப் போறன்னு திருப்பிச் சொல்லச் சொல்லுங்க, வார்த்தை வரலைன்னா செஞ்சு காட்டச் சொல்லுங்க. மெஷின், கரண்டு, உயரம், இந்த மூணுல மட்டும் பேச்ச நம்பாம படம் ஒட்டுங்க. நீங்க கேக்குற பக்கம்னா மோ பா கொன்ப்ரான், புரியல, கோஸ் தூஸ்மான், மெதுவா பேசுங்க, இந்த ரெண்டும் நாக்கு நுனில இருக்கணும், வெக்கமே வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்குப் போனா டாக்டருக்கு இங்கிலீஷ் வரும், ஆனா வாசல்ல சீட்டு போடுறவங்களும் நர்ஸும் கிரியோல்லதான் கேப்பாங்க. மோ லாதேத் ஃபேர்மால்னா தலை வலிக்குது, தலைக்குப் பதிலா வயித்துக்கு வாந்த். சாப்பிடுற மாத்திரை பேர், அலர்ஜி, சுகர், பிபி எல்லாம் இங்கிலீஷ்ல ஒரு சீட்டுல எழுதி பர்ஸ்ல வச்சுக்கோங்க. கூகுள் ட்ரான்ஸ்லேட்ல மொரீஷியன் கிரியோல் வந்துருக்கு, கடைக்கு, பஸ்ஸுக்கு ஓகே, மருந்து எத்தன வேளைங்கிறதுக்கு அத நம்பாதீங்க. மொழிபெயர்க்க ஆள் கூட்டிட்டுப் போனா வளந்த ஆளா கூட்டிட்டுப் போங்க, உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துல படிக்கிற உங்க குழந்தை கிரியோல்ல பிச்சு உதறும், ஆனா அம்மாவோட வியாதிய அந்தக் குழந்தை வாயால சொல்ல வைக்காதீங்க. கூட வந்தவர் முகத்தப் பாக்காம டாக்டரப் பாத்துப் பேசுங்க, ஒரு வாக்கியம் சொல்லிட்டு நிறுத்துங்க.

போலீஸ் ஸ்டேட்மென்ட், வேலை ஒப்பந்தம், வீட்டு வாடகைப் பேப்பர் எதுவா இருந்தாலும் உங்களுக்குப் புரியுற மொழில வாசிச்சுக் காட்டின பிறகுதான் பேனா. அவசரம்னு சொல்வாங்க, சொல்லட்டும். ஒப்பந்தத்த முதலாளியோட ஆளே மொழிபெயர்த்துச் சொன்னா பொறுமையா கேட்டுட்டு, போன்ல ஒரு போட்டோ எடுத்துட்டு வந்து கோயில்ல தெரிஞ்ச பெரியவர் யார்கிட்டயாவது இன்னொரு தடவ வாசிக்கக் கொடுங்க, ஓவர்டைமும் டிக்கெட் காசு யார் பொறுப்புங்கிறதும் எந்தப் பக்கத்துல இருக்குன்னு அவரே விரல் வச்சுக் காட்டுவாரு.