தண்டர்பேர்டில் தமிழ் மடல்களின் எழுத்துருவையும் அளவையும் சரிசெய்யும் முறை

மொசில்லாவின் தண்டர்பேர்டு மின்னஞ்சல் செயலியில் ஆங்கில மடல்கள் தெளிவாகத் தெரிய, தமிழ் மடல்கள் மட்டும் பொடியெழுத்தில் வருவதைப் பலர் கண்டிருப்பார்கள். அமைப்புகளுக்குள் சென்று எழுத்துருவை மாற்றிய பிறகும் பலன் இல்லை என்றால், பெரும்பாலும் மாற்றிய இடம்தான் தவறு. நமக்கு வரும் மடல் நம் திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்பது ஓர் அமைப்பு. நாம் அனுப்பும் மடலில் எந்த எழுத்துரு பொறிக்கப்பட்டுச் செல்ல வேண்டும் என்பது முற்றிலும் வேறோர் அமைப்பு. முதலாவதை மனம்போல மாற்றிக்கொள்ளலாம், இரண்டாவதில் கைவைக்காமல் இருப்பதே நல்லது.

முதலில் வாசிப்பு. மூன்று கோடுகள் கொண்ட மெனுவில் 'செட்டிங்ஸ்' திறந்து, 'ஜெனரல்' பக்கத்தில் 'லாங்குவேஜ் அண்ட் அப்பியரன்ஸ்' என்ற பகுதிக்கு வாருங்கள். அங்கே கண்ணில் படும் எழுத்துருப் பெயரையும் அளவையும் விட்டுவிட்டு, அருகிலுள்ள 'அட்வான்ஸ்டு' பொத்தானை அழுத்துங்கள். திறக்கும் சாளரத்தின் உச்சியில் 'ஃபான்ட்ஸ் ஃபார்' என்றொரு பட்டியல் இருக்கும். ஒவ்வொரு எழுத்துமுறைக்கும் தனித்தனி எழுத்துருவையும் அளவையும் தண்டர்பேர்டு வைத்திருப்பதால், 'லத்தீன்' என்பதை மட்டும் மாற்றுவது தமிழுக்குப் போதாது. பட்டியலில் 'தமிழ்' என்பதைத் தேர்ந்து எழுத்துருவை அமைத்த பின், 'அதர் ரைட்டிங் சிஸ்டம்ஸ்' என்பதையும் தேர்ந்து அதே எழுத்துருவையும் அதே அளவையும் அங்கும் கொடுங்கள். எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டில் வரும் மடல்களுக்கு இந்தப் பிரிவின் அளவு பயன்படுவது உண்டு.

இந்தச் சாளரத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. 'புரொபோர்ஷனல்' என்ற இடத்தில் 'செரிஃப்' (எழுத்து முனைகளில் சிறு கோடுகள் உள்ள வகை), 'சான்ஸ் செரிஃப்' (அவை இல்லாத வகை) இரண்டில் ஒன்று தேர்வாகியிருக்கும். அங்கே 'சான்ஸ் செரிஃப்' இருக்கும்போது கீழே 'செரிஃப்' வரியில் எத்தனை எழுத்துருவை மாற்றினாலும் சாதாரண மடலில் ஒரு மாற்றமும் தெரியாது.

எழுத்துருத் தேர்வைப் பொறுத்தவரை, விண்டோஸ் 8 முதல் கூடவே வரும் நிர்மலா யூஐ திரைக்கு ஏற்றது. விண்டோஸ் 2000 காலத்து லதாவின் அகன்ற எழுத்துகளுக்குப் பழகிய கண்கள் அதையே வைத்துக்கொள்ளலாம். லினக்ஸில் லோஹித் தமிழோ நோட்டோ சான்ஸ் தமிழோ போதுமானது. அளவு 16 பிக்சலுக்குக் குறைய வேண்டாம் என்பது என் கருத்து. 'எண்ணம்' என்று தட்டிப் பாருங்கள்: சிறிய அளவில் முதல் ணகரத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிப்போய், 'எணணம்' என்று வாசிக்க நேரும். புள்ளி எழுத்திலிருந்து விலகித் தெரியும் அளவே உங்களுக்கான அளவு. அதே சாளரத்தில் 'மினிமம் ஃபான்ட் சைஸ்' என்பதற்கும் ஓர் எண் கொடுத்துவிட்டால், அனுப்பியவர் எவ்வளவு சிறிதாக அமைத்திருந்தாலும் அதற்குக் கீழே எழுத்து இறங்காது.

இத்தனைக்குப் பிறகும் சில மடல்கள் மட்டும் சிறியதாகவே வந்தால், அவை அலங்காரம் ஏதுமற்ற வெற்று உரை மடல்கள். அவற்றைச் சம அகல எழுத்துருவில் காட்டுவது தண்டர்பேர்டின் வழக்கம். அந்த வகையின் அளவு பொதுவாக 13 பிக்சல்தான். சாளரத்தின் கீழ்ப்பகுதியில் 'யூஸ் ஃபிக்ஸ்டு விட்த் ஃபான்ட் ஃபார் பிளெயின் டெக்ஸ்ட் மெசேஜஸ்' என்பதற்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். நிரல் வரிகளையும் இடைவெளி விட்டு அடுக்கிய அட்டவணைகளையும் மடலில் பெறுபவர்களுக்கு மட்டும் வரிசை கலையும்.

ஒரே ஒரு மடலைப் பெரிதாக்க இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை: கன்ட்ரோல் விசையுடன் கூட்டல் குறி பெரிதாக்கும், கழித்தல் சிறிதாக்கும், சுழியம் பழைய நிலைக்குக் கொண்டுவரும்.

அனுப்பும் மடலுக்கான அமைப்பு 'செட்டிங்ஸ்', 'கம்போசிஷன்' பக்கத்தில் இருக்கிறது. அங்கே எழுத்துரு 'வேரியபிள் விட்த்' என்றே இருக்கட்டும். நாம் தேர்ந்தெடுக்கும் எழுத்துருவின் பெயர் மட்டுமே மடலோடு போகிறது, எழுத்துரு போவதில்லை. பெறுபவரின் கணினியில் அது இல்லையென்றால் அங்குள்ள வேறொன்றுதான் தோன்றும். வேர்டு கோப்பிலிருந்து பத்திகளை எடுத்து ஒட்டும்போது அதன் எழுத்துருவும் அளவும் ஒட்டிக்கொண்டு வந்து, மடல் ஒட்டுப்போட்ட துணிபோல ஆகிவிடும். கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் உரை மட்டும் வந்து சேரும். எழுதும் சாளரத்தில் எழுத்துருப் பட்டையே இல்லையென்றால், உங்கள் மின்னஞ்சல் கணக்கு வெற்று உரைக்கு அமைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி 'நியூ மெசேஜ்' பொத்தானைச் சொடுக்கினால் அந்த ஒரு மடலுக்கு வடிவம் மாறும்.

பழைய மடல்களைத் திறப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டியது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் தெரியும். அதைப் படிப்பதற்காக நான் ஒருமுறை 'லத்தீன்' பிரிவுக்குப் பாமினியைக் கொடுத்து, மடல்கள் தமக்கான எழுத்துருவைப் பயன்படுத்த விடும் டிக்கையும் எடுத்துவிட்டேன். பழைய மடல் அழகாகத் திறந்தது. அடுத்து வந்த ஆங்கில மடல்கள் அத்தனையும் பொருளற்ற தமிழாகிவிட்டன. இத்தகைய மடலின் உரையை நகலெடுத்து, யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவி ஒன்றில் இட்டு வாசித்துவிட்டு, எழுத்துரு அமைப்புகளை இருந்தபடியே விட்டுவிடுங்கள்.