ஓவர்சைஸ் டி-ஷர்ட்டிலிருந்து நேர்த்தியான கேஷுவலுக்கு

அலமாரியை ஒரே நாளில் காலி செய்ய வேண்டாம். முதலில் பேன்ட்டை மாற்றுங்கள். கார்கோ, ஜாகரை ஓரங்கட்டிவிட்டு நேவி, காக்கி நிறங்களில் இரண்டு சினோஸ் (ஜீன்ஸை விட மெல்லிய, நேர்த்தியான காட்டன் பேன்ட்) வாங்கினால், மேலே பழைய பிளெயின் டி-ஷர்ட்டே இருந்தாலும் பாதி வேலை முடிந்தது.

சட்டையில் சைஸ் எண்ணை நம்பாதீர்கள். தோள்பட்டைத் தையல் தோள் எலும்பின் முனையில் உட்கார வேண்டும். லூஸாகப் போட்டுப் பழகியவருக்குச் சரியான அளவு முதலில் இறுக்கமாகத்தான் தெரியும். அதற்காக ஒரு சைஸ் கூட்டி எடுத்தால் தோள் சரிந்து பழைய தோற்றமே வரும். இடுப்பையும் நீளத்தையும் டெய்லர் பிடித்துக் கொடுத்துவிடுவார். தோளைப் பிரித்துத் தைத்தால் செலவுதான் மிச்சம். இன் பண்ணாமல் போடுவதென்றால் சட்டையின் கீழ் விளிம்பு ஜிப்பின் பாதியோடு நிற்கட்டும். காட்டன், லினன் சுருங்கும். ஒருமுறை துவைத்த பிறகே ஆல்டரேஷனுக்குக் கொடுங்கள்.

பேன்ட் நீளம் குறிக்கும்போது போடப்போகும் ஷூவோடு நில்லுங்கள். துணி ஷூவை லேசாகத் தொட்டால் போதும். கணுக்காலில் குவிந்தால் 1 அங்குலம் குறைக்கச் சொல்லுங்கள். கத்தரித்துவிடாமல் உள்ளே மடித்துத் தைத்தால் பிறகு இறக்கிக்கொள்ளலாம்.

ஷூவுக்கு லோகோ இல்லாத வெள்ளை லெதர் ஸ்னீக்கர். ஹூடிக்குப் பதில் ஓவர்ஷர்ட் (டி-ஷர்ட்டுக்கு மேல் ஜாக்கெட் போலப் போடும் தடித்த சட்டை) என்பார்கள். சென்னை வெயிலுக்கு அது வீண் செலவு. அந்தக் காசில் காலர் சுருளாத இரண்டு போலோ டி-ஷர்ட் எடுக்கலாம்.