அமெரிக்கக் கருத்துக்கணிப்பைப் படிக்கும் முறை

"அமெரிக்கர்களில் 60 சதவீதம் பேர் ஆதரவு" என்று ஒரு தலைப்பு கண்ணில் பட்டால் அந்த 60-ஐ அப்படியே வைத்துவிட்டுக் கேள்வியைத் தேடுங்கள். ஒழுங்கான நிறுவனம் கேட்ட கேள்வியை வார்த்தை மாறாமல், கேட்ட வரிசையிலேயே, ஒவ்வொரு விடைக்கும் கிடைத்த சதவீதத்தோடு வெளியிடும். அந்தத் துறையில் இதை 'டாப்லைன்' என்பார்கள். டாப்லைன் இல்லாத கணிப்பைத் தயங்காமல் ஒதுக்கலாம்.

கேள்வியின் ஒரு சொல் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு அமெரிக்காவிலேயே பழைய சான்று உண்டு. 1972 முதல் நடந்துவரும் ஜெனரல் சோஷியல் சர்வேயில், அரசு செலவிடுவது கூடுதலா குறைவா என்ற கேள்வி வரும். 1980-களிலிருந்து பாதிப் பேரிடம் "வெல்ஃபேர்" என்றும், மீதிப் பேரிடம் "ஏழைகளுக்கு உதவி" என்றும் சொல்லிக் கேட்கிறார்கள். "ஏழைகளுக்கு உதவி" என்று கேட்டால், போதவில்லை என்று பெரும்பான்மையினர் சொல்கிறார்கள். "வெல்ஃபேர்" என்றால் அப்படிச் சொல்பவர்கள் சிறுபான்மை. பெரும்பாலான ஆண்டுகளில் இடைவெளி 30 புள்ளிக்கு மேல். பேசப்படும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் "வெல்ஃபேர்" என்ற சொல் அந்நாட்டில் 'உழைக்காமல் வாங்கித் தின்பவர்' என்ற படத்தையும், அதன் பின்னால் இனம் பற்றிய முன்முடிவையும் கூடவே இழுத்துவருகிறது. ஆகவே "வெல்ஃபேருக்கு எதிர்ப்பு" என்ற தலைப்பை ஏழைகளுக்கான எதிர்ப்பு என்று படித்தால் தவறாகப் படித்ததாகும்.

விடைகளில் "தெரியாது" என்ற வாய்ப்பு இருந்ததா என்றும் பாருங்கள். 1970-களில் சின்சினாட்டியில் சில ஆய்வாளர்கள் "1975-ஆம் ஆண்டின் பொது விவகாரச் சட்டம்" பற்றிக் கருத்துக் கேட்டார்கள். அப்படி ஒரு சட்டமே கிடையாது. இருந்தும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆதரவோ எதிர்ப்போ சொன்னார். அஞ்சல், போக்குவரத்து, வங்கிக் கட்டுப்பாடு போன்ற தொழில்நுட்ப விஷயங்களில் இந்த வகை வெற்று விடை அதிகம். கருக்கலைப்பு, துப்பாக்கி போன்றவற்றில் மக்களுக்கு ஏற்கெனவே ஒரு நிலைப்பாடு இருப்பதால் அங்கே இது குறைவு.

அடுத்தது, யாரிடம் கேட்டார்கள் என்பது. எல்லா வயதுவந்தோரும், பதிவு செய்த வாக்காளர்களும், வாக்களிக்க வாய்ப்புள்ளவர்களும் மூன்று தனிக் கூட்டங்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் வாக்காளராகப் பதிவு செய்துகொள்வது குடிமகனின் பொறுப்பு. தகுதியுள்ளவர்களில் 2020-இல் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்தார்கள். 2014 இடைத்தேர்தலில் 40 சதவீதம்கூட வரவில்லை. (இடைத்தேர்தல் என்றால் நம் ஊர்ப் பொருளில் அல்ல; அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் நாடு முழுதும் நடக்கும் நாடாளுமன்றத் தேர்தல்.) கொள்கை பற்றிய கேள்விக்கு வயதுவந்தோர் கணக்கு போதும். தேர்தலுக்கு மூன்றாவது வகையைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் யார் வாக்களிக்க வருவார் என்பதை நிறுவனமே ஊகிக்கிறது. 2016 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் புளோரிடாவில் 867 பேரிடம் எடுத்த மூலத்தரவை வேறு நான்கு குழுக்களிடம் கொடுத்துக் கணக்கிடச் சொன்னது. தன் கணக்கையும் சேர்த்து ஐந்து விடைகள் வந்தன. ஒன்றில் கிளிண்டன் 4 புள்ளி முன்னிலை, இன்னொன்றில் டிரம்ப் 1 புள்ளி முன்னிலை. ஆட்கள் அதே ஆட்கள்தான்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். பானையைக் கிளறியிருந்தால்தான் அது பொருந்தும். மேலாக இருப்பதையே எடுத்தால் ஒரு அகப்பை எடுத்தாலும் பயனில்லை. 1936-இல் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் சுமார் 1 கோடி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல் திரும்பப் பெற்று, அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட்டை லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். முகவரிகளைத் தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் பதிவுப் பட்டியலிலிருந்தும் எடுத்திருந்தார்கள். பொருளாதாரப் பெருவீழ்ச்சிக் காலத்தில் அது வசதியுள்ளவர்களின் பட்டியல். அத்தோடு, ரூஸ்வெல்ட் மீது கோபம் கொண்டவர்களே சீட்டைத் திருப்பி அனுப்பவும் அதிகம் முனைந்தார்கள்.

இன்றைய சிக்கல் இந்தப் பிந்தைய வகை. பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசிக் கணிப்புகளுக்கு 1997-இல் 36 சதவீதம் பேர் பதில் தந்தார்கள். 2018-இல் 6 சதவீதம். மீதியைச் சரிக்கட்ட எடையிடுகிறார்கள்: மாதிரியில் குறைவாக வந்த பிரிவினரின் விடைக்குக் கூடுதல் மதிப்பு, அதிகம் வந்தவர்களுக்குக் குறைவு. எனவே முறைக்குறிப்பில் எதை வைத்து எடையிட்டார்கள் என்று படியுங்கள். வயது, பால், இனம், வட்டாரம் எல்லோரும் செய்வது. கல்வி இருக்கிறதா என்பதே முக்கியம். பட்டதாரிகள் கணிப்புக்குப் பதில் சொல்ல அதிகம் முன்வருவார்கள். 2016-இல் அவர்கள் கிளிண்டன் பக்கம் சாய்ந்திருந்தார்கள், மாநிலக் கணிப்புகள் பலவற்றில் கல்வி எடை இல்லை. விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மூன்றும் சேர்ந்து 80,000-க்கும் குறைவான வாக்கில் டிரம்ப் பக்கம் போனபோது பலர் திகைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். கல்வி எடை எல்லாவற்றையும் தீர்க்காது. 2020-இல் அதைப் பரவலாகச் சேர்த்தும் தேசியக் கணிப்புகளின் பிழை 40 ஆண்டுகளில் இல்லாத அளவுக்குப் போனது. ஒரே வயது, ஒரே படிப்பு உள்ளவர்களுக்குள்ளேயே பதில் சொல்பவரும் சொல்லாதவரும் வேறு கட்சியாக இருந்தால் எந்த எடையும் உதவாது.

பிழை வரம்பை நீங்களே போடலாம். 100-ஐ ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுங்கள்: 1,000 பேருக்கு சுமார் 3 புள்ளி, 400 பேருக்கு 5, 100 பேருக்கு 10. எடையிடல் இதை இன்னும் கொஞ்சம் அகலமாக்கும்; 3 என்பது 4-ஐ நெருங்குவது சாதாரணம். தவறு நடப்பது இரண்டு இடங்களில். ஒருவர் 48, மற்றவர் 45, வரம்பு 3 என்றால் "3 புள்ளி முன்னிலை, வரம்பைத் தொட்டுவிட்டது" என்று எழுதுகிறார்கள். வரம்பு ஒவ்வொருவரின் எண்ணுக்கும் உரியது. இருவருக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு ஏறக்குறைய இரட்டிப்பு, அதாவது 6. இன்னொன்று உட்பிரிவு. 1,000 பேர் கணிப்பில் 120 லத்தினோக்கள் (லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்கள்) இருந்தால் அவர்கள் பற்றிய எண்ணுக்கு வரம்பு 9. "லத்தினோ ஆதரவு 5 புள்ளி சரிந்தது" என்ற செய்தி பெரும்பாலும் இப்படிப் பிறந்ததுதான். ஏற்ற இறக்கம் பார்க்க ஒரே நிறுவனம் ஒரே வாசகத்தில் கேட்டவற்றை மட்டும் ஒப்பிடுங்கள்.

"சுயேச்சை", அதாவது எந்தக் கட்சியையும் சேராதவர், என்ற எண்ணிலும் ஏமாறக்கூடாது. கேலப் கணிப்புகளில் அண்மை ஆண்டுகளில் 40 சதவீதத்துக்கு மேல் தங்களைச் சுயேச்சை என்கிறார்கள். "எந்தக் கட்சிப் பக்கம் சாய்வீர்கள்?" என்ற அடுத்த கேள்விக்குப் பெரும்பாலோர் ஒரு கட்சியைச் சொல்லிவிடுகிறார்கள், அவர்கள் வாக்களிப்பதும் ஏறக்குறைய கட்சிக்காரர்களைப் போலத்தான். எந்தப் பக்கமும் சாயாதவர் 10 சதவீத அளவில்தான்.

இதே வேறுபாடு கொள்கை நம்பிக்கையிலும் உண்டு. "நீங்கள் கன்சர்வேட்டிவா (அரசின் பங்கு குறைய வேண்டும் என்பவர்) லிபரலா (கூட வேண்டும் என்பவர்)?" என்றால் கன்சர்வேட்டிவ் என்பவர்களே அதிகம். அரசு ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டியையும் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரையும் வெட்டலாமா என்றால் அவர்களிலும் பலர் கூடாது என்பார்கள். அடையாளம் ஒரு திசை, திட்டம் ஒரு திசை. ஐடஹோ, யூட்டா, நெப்ராஸ்கா மூன்றும் குடியரசுக் கட்சியின் கோட்டைகள். 2018-இல் மூன்றிலும் வாக்காளர்களே ஏழைகளுக்கான மெடிகெய்ட் மருத்துவக் காப்பீட்டு விரிவாக்கத்துக்கு நேரடி வாக்கெடுப்பில் ஒப்புதல் தந்தார்கள். எனவே "சிறிய அரசு வேண்டுமா?" என்ற கணிப்பை வைத்து ஒரு திட்டத்தின் விதியைச் சொல்லக்கூடாது. அந்தத் திட்டத்தின் பெயரோடு கேட்ட கணிப்பைத் தேடுங்கள்.

கணிப்பு சரி என்றே வைத்தாலும் அது சட்டமாகுமா என்று பார்க்க, முடிவெடுப்பது யார், அவர்களுக்கு எத்தனை வாக்கு தேவை என்ற இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சோதிப்பதற்கு 2013-இல் பல கணிப்புகளில் 90 சதவீத அளவில் ஆதரவு இருந்தது. அந்த ஏப்ரலில் செனட்டில் அதற்கான திருத்தம் 54-46 என்று பெரும்பான்மை பெற்றும் விழுந்தது. விவாதத்தை இழுத்து வாக்கெடுப்பைத் தடுக்கும் 'பிலிபஸ்டர்' உத்தியைத் தாண்ட 60 தேவை. செனட்டில் மாநிலத்துக்கு இருவர்: சுமார் 4 கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் இரண்டு, 6 லட்சத்தைத் தொடாத வயோமிங்குக்கும் இரண்டு. ஆகவே தேசிய சதவீதத்தைவிட, தயங்கும் செனட்டர்களின் மாநிலத்தில் என்ன எண் என்பதே பயன். "மிக வலுவாக" ஆதரிப்பவர், எதிர்ப்பவர் சதவீதத்தையும் பாருங்கள். கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரிக்கு வருபவர்கள் அவர்கள்தான். உறுப்பினர் அஞ்சுவதும் அவர்களுக்குத்தான்.

மாநில வாக்கெடுப்பிலும் வெல்ல எத்தனை சதவீதம் தேவை என்று சரிபாருங்கள். கன்சாஸில் 2022 ஆகஸ்டில் கருக்கலைப்பு உரிமையை நீக்கும் திருத்தத்தை 59 சதவீதம் பேர் நிராகரித்தார்கள், அங்கே பாதிக்கு மேல் போதும். புளோரிடாவில் 2024-இல் அந்த உரிமையைச் சேர்க்கும் திருத்தம் 57 சதவீதம் பெற்றுத் தோற்றது. அங்கே 60 வேண்டும். வென்றாலும் அடுத்த சட்டமன்றக் கூட்டம்வரை காத்திருங்கள். தண்டனை முடித்தவர்களுக்கு வாக்குரிமை தரும் திருத்தத்தை 2018-இல் அதே புளோரிடா 64 சதவீதத்துக்கு மேல் ஏற்றது; 2019-இல் சட்டமன்றம், நீதிமன்ற அபராதமும் கட்டணமும் செலுத்தி முடித்திருந்தால்தான் அது செல்லும் என்று சட்டம் போட்டது.